சாவிக்குச் செம்பு முலாம்: காரைக்குடி அறிவியல் திருவிழாவுக்கு உங்கள் பங்கு

அன்புடையீர்,

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊருக்கு வந்தது. 1948இல் அடிக்கல், 1953இல் திறப்பு. மின்வேதியியல் வளர்ந்த இந்த ஊரில், தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28 மாலையும் மறுநாள் முழுவதும் ஆய்வகத்துக்காரர்கள் மக்களோடு உட்கார்ந்து சோதனை செய்ய ஏற்பாடு நடக்கிறது. அவர்கள் ஊதியம் வாங்கவில்லை. செலவெல்லாம் பொருளுக்கும் பந்தல் ஏற்பாட்டுக்கும்தான்.

பேனர் வைத்து விளக்கினால் செலவு குறையும். ஆனால் வருகிற பிள்ளை தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

முதல் சோதனை, பழைய பித்தளைச் சாவிக்குச் செம்பு முலாம். லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). செம்புக் கம்பி பாசிட்டிவில், சாவி நெகட்டிவில். மாற்றிக் கொடுத்தால் சாவி கரையும், கரைசலும் கெடும். 5 வோல்ட் மொபைல் சார்ஜரோடு 22 ஓம், 2 வாட் மின்தடை ஒன்றைச் சேர்த்தால் மின்னோட்டம் 0.2 ஆம்பியருக்குள் நிற்கும். பத்து நிமிடத்தில் 30 மில்லிகிராமுக்குச் சற்று மேல் செம்பு படியும். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் பழுப்புப் பொடியாக உதிரும். சாவியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு விரல் படக் கூடாது. பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை ஒட்டி, கட்டைவிரல் ரேகை மட்டும் மஞ்சளாகவே நிற்கும். இரும்புச் சாவி வேண்டவே வேண்டாம். கரைசலில் முக்கியவுடனே மின்சாரம் இல்லாமலே செம்பு ஏறும், துடைத்தால் கையோடு வரும்.

கழுவித் துடைப்பதையும் சேர்த்து ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகும். மேசைக்கு நான்கு டம்ளர் என்றால் மணிக்கு 16 பேர். ஆறு மேசைக்கு 96 பேர். நான்கு டம்ளரையும் தொடராக இணைத்தால் ஒரு பிள்ளை சாவியை எடுத்ததும் மற்ற மூன்றும் நின்றுவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை.

மிஞ்சும் கரைசலை வாய்க்காலில் ஊற்றினால் ஊருணியில் மீன் சாகும். அதைக் கேனில் பிடித்து இரும்பு நார் போட்டு வைப்போம். மேசையில் தொல்லை தந்த அதே வினை, இங்கே செம்பைச் சிவப்புப் பொடியாகப் பிரித்துத் தரும்.

இரண்டாவது, ஆணி துருப்பிடிப்பது. உப்பும், வினை நடக்கும் இடத்தை நிறத்தால் காட்டும் இரண்டு நிறங்காட்டிகளும் கலந்த கடல்பாசிக் கூழில் ஆணியைப் பதித்தால், இரும்பு கரைகிற கொண்டையிலும் முனையிலும் நீலமும் நடுவில் இளஞ்சிவப்பும் தெரியும். துத்தநாகத் தகடு சுற்றிய ஆணியில் நீலம் வராது. பாம்பன் கடற்காற்றில் இரும்புக்கு நடப்பதும் இந்த அரிப்புதான். ஜெலட்டின் மலிவு என்றாலும் பந்தல் சூட்டில் இளகிவிடும்.

முலாம் மேசை ஒன்றுக்கு ரூ. 2,500 வீதம் 15,000. ஆணிக் கிண்ணங்களுக்கு 6,000. பந்தல், மின்சாரம், மேசை வாடகைக்கு 34,000. ஆக ரூ. 55,000 தேவை. ஒரு மேசையை ஒரு குடும்பமோ கடையோ ஏற்றுக்கொள்ளலாம். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு. வருமான வரிச் சலுகை கிடையாது. கணக்கு முழுவதும் விழாப் பந்தலிலேயே ஒட்டப்படும்.

பொருளாகத் தருவோர் காந்தம் ஒட்டாத பழைய சாவிகளையும், 2 ஆம்பியர் சார்ஜர்களையும், மோட்டார் வைண்டிங் கடையில் மிஞ்சிய செம்புக் கம்பியையும் தரலாம். கம்பியின் வார்னிஷை நாங்களே சுரண்டிக்கொள்கிறோம். கூழை முந்தின இரவே ஊற்ற வேண்டும் என்பதால் பணமும் பொருளும் பிப்ரவரி 20க்குள் கைக்கு வந்தால் நல்லது.

இங்ஙனம்,
விழாக் குழுவினர்