ரஜூலாவில் ஏறினவரை எங்கே தேடுவது

அன்புள்ள மங்கை,

போனில் சொன்னால் நடுவில் புகுந்து கதையை எங்கேயோ கொண்டுபோய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். முட்டிவலி அப்படியேதான். பெரியவள் வேலை மாறிவிட்டாள், சின்னவன் மாறமாட்டேன் என்கிறான். குடும்பச் செய்தி முடிந்தது.

"தாத்தா பேரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் இல்லை என்று வந்தது. அவர் மலேயாவுக்கே போகவில்லை போல" என்று அனுப்பியிருந்தாயே, படித்ததும் உன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கத் தோன்றியது. உங்க அப்பத்தா சாகும்வரை பொட்டை அழிக்காமல் இருந்தார். நீ சாயங்காலம் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பே எழுதிவிட்டாய். அதை உன் தம்பியிடம் வேறு சொல்லி, அவன் குடும்பக் குரூப்பில் போட்டு, அங்கே ஒரு சித்தப்பா "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஆரம்பித்துவிட்டாராம். காலேஜில் தவளையைக் காணோம் என்று லேபையே பூட்டினவள்தானே நீ!

முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள். நீ தேடினது ஆவணக் காப்பகத்தின் கேட்லாக்கில், அதாவது ஃபைல் பட்டியலில், ஆவணங்களுக்குள் இல்லை. ஒரு ஃபைலுக்குள் நூறு இருநூறு பக்கம் இருக்கும், கேட்லாக்கில் அதற்கு ஒரே வரி. அந்த வரியும் பெரும்பாலும் ஃபைல் அட்டையில் அந்தக் காலத்து கிளார்க் ஒருவர் எழுதி வைத்த தலைப்புதான். உள்ளே மனு கொடுத்த கூலியாட்களின் பெயர்கள் வரிசையாக இருந்தாலும் அட்டையில் "மலேயாவிலிருந்து திரும்பிய கூலிகள் பற்றி" என்றுதான் இருக்கும். கருப்பையா என்று தாத்தா பேரைப் போட்டுத் தேடினால் அது எப்படிச் சிக்கும்?

அதனால் தாத்தாவைத் தேடாதே. தாத்தா மாதிரி ஆட்களால் எந்த அதிகாரிக்குத் தலைவலி வந்ததோ, அந்த அதிகாரியைத் தேடு. காகிதம் எழுதினவர் அவர்தான். அவருடைய பதவி, அவருடைய துறை, அவர் இவர்களை எப்படிக் குறிப்பிட்டார் என்பது, இந்த மூன்றும்தான் நீ தேடல் பெட்டியில் அடிக்க வேண்டியவை. "தொழிலாளர்" என்று இன்றைக்கு நாம் மரியாதையாகச் சொல்வது அப்போதைய ஃபைல் தலைப்புகளில் குறைவு. "கூலி", "எமிக்ரன்ட்", "எஸ்டேட் லேபர்", "ரிபேட்ரியேஷன்" (ஊருக்குத் திருப்பி அனுப்புவது) என்று போட்டுப் பார். கசப்பாகத்தான் இருக்கும்.

இப்போது காலம். நீ 1905 முதல் 1920 வரை என்று வடிகட்டி போட்டுத் தேடியிருக்கிறாய். அந்த வருஷங்கள் எங்கிருந்து வந்தன? ஹாஸ்டல் மொட்டை மாடியில் நீ சொன்ன கதையில் தாத்தா நாகப்பட்டினத்தில் "ரஜூலா" கப்பல் ஏறினார். உங்க அப்பத்தா பாட்டாகவே பாடுவார் என்று பத்மாகூடக் கிண்டல் செய்தாளே. அடியே, ரஜூலா கட்டப்பட்டதே 1926இல்! கப்பல் பெயர் சரியென்றால் அவர் போனது அதற்கு அப்புறம். அது முதல் பயணமாக இல்லாமலும் இருக்கலாம், லீவில் வந்து திரும்பிப் போனதாகவும் இருக்கலாம். எப்படியானாலும் நீ தேடின வருஷங்களில் அந்தக் கப்பல் கடலிலேயே கிடையாது.

இந்த ஒரு தகவல் எவ்வளவு கதவைத் திறக்கிறது பார். 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தாயிற்று. மலேயாவில் இந்திய அரசின் ஏஜெண்ட் என்று ஒருவர் 1923 முதல் உட்கார்ந்திருக்கிறார், வருஷா வருஷம் அறிக்கை அனுப்புகிறார். 1930இல் ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். 1938இல் உதவித்தொகையோடு கூலியாட்களை அனுப்புவதையே இந்திய அரசு நிறுத்தியது. 1941இல் கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதிகாரிகளுக்குத் தலைவலி வந்த இடங்கள் இவைதான், காகிதம் குவிந்ததும் இங்கேதான்.

கிள்ளான் என்றதும் ஞாபகம் வருகிறது. அதை நீ ஆங்கிலத்தில் "கில்லன்" என்று அடித்திருக்கிறாய். மங்கை, அது க்ளாங்! ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் அந்தக் காலத்துத் துரை எழுதின மாதிரி எழுது. தஞ்சாவூர் டான்ஜோர், நாகப்பட்டினம் நெகபடாம், திருச்சி ட்ரிச்சினோபொலி. அதைவிட முக்கியம் எல்லை. உங்க ஊர் அறந்தாங்கி இப்போது புதுக்கோட்டை மாவட்டம், ஆனால் அந்த மாவட்டமே 1974இல்தான் பிறந்தது. தாத்தா காலத்தில் அறந்தாங்கி தஞ்சாவூர் ஜில்லா. புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம், 1948இல்தான் சேர்ந்தது. "புதுக்கோட்டை" என்று தேடினால் தொண்டைமான் தர்பார் விவகாரமாக வந்து கொட்டும், உன் ஊர் வராது.

ஆள் பெயரையும் விட்டுவிடாதே, ஆனால் கடைசியில் வைத்துக்கொள். 'கே'யில் தொடங்கும் கருப்பையாவும் உண்டு, 'சி'யில் தொடங்குகிறவரும் உண்டு. நடுவில் ஒரு 'பி'யா இரண்டா, கடைசியில் 'எச்' உண்டா இல்லையா, எழுதினவர் காதில் விழுந்தபடி. முதல் சில எழுத்துகளை அடித்துவிட்டு நட்சத்திரக்குறி போட்டால் மீதியைப் பல தளங்கள் பார்த்துக்கொள்ளும். இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போடு. சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்குச் சில தளங்களில் "இரண்டும் வேண்டும்" என்று பொருள், சிலவற்றில் "ஏதாவது ஒன்று". உதவிப் பக்கத்தை ஒரு முறை வாசித்துவிடு. வாஷிங் மெஷின் கையேட்டையே வாசிக்காதவளிடம் சொல்கிறேன் பார்.

தேதி வடிகட்டியைக் கொஞ்சம் தாராளமாக வை. ஃபைலில் இருப்பது அதிகாரி எழுதின வருஷம். கிள்ளானில் நடந்தது சென்னைக்கு வந்து, டெல்லிக்குப் போய், லண்டனில் பதிலாகும்போது அடுத்த வருஷம் ஆகியிருக்கும்.

இந்த இழுபறியில்தான் நமக்கு லாபம் என்பேன். ஒரே விவகாரத்துக்கு மூன்று நான்கு ஊரில் நகல் இருக்கும். சென்னை அரசு வைத்துக்கொண்டது எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். டெல்லிக்குப் போனது தேசிய ஆவணக் காப்பகத்தில், அதற்கு "அபிலேக் படல்" தளம். லண்டனில் இரண்டு இடம்: இந்தியா ஆபீஸ் காகிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில், காலனி ஆபீஸ் காகிதங்கள் கியூ என்ற இடத்தில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில். மலேயாவிலேயே தங்கினது கோலாலம்பூரில், மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவில். ஓரிடத்தில் கிளார்க் சோம்பேறியாக இருந்து "இதர" என்று தலைப்பு வைத்திருந்தால், இன்னோரிடத்தில் ஒரு புண்ணியவான் ஊர், எஸ்டேட், சம்பவம் எல்லாம் சேர்த்து எழுதியிருப்பார்.

துறைப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், அதையும் பார்த்துக்கொள். இந்திய அரசில் 1923க்கு அப்புறம் வெளிநாட்டு இந்தியர் விவகாரம் கல்வி, சுகாதாரம், நிலம் மூன்றையும் பார்த்த துறையில் கிடக்கிறது. யாருக்குத் தோன்றும்? கியூவில் இன்னொரு பொறி. மலேயா என்றால் எல்லாரும் சிஓ 273க்கு ஓடுவார்கள் (சிஓ என்றால் காலனி ஆபீஸ், எண் ஃபைல் வரிசை). அது ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்: சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா. கிள்ளான் சிலாங்கூரில் இருக்கிறது, சிலாங்கூர் கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்று, அவற்றுக்கு 1920 முதல் சிஓ 717 என்று தனி வரிசை.

உருப்படியாக ஒரு ஃபைல் சிக்கிவிட்டால் சொல் போட்டுத் தேடுவதை நிறுத்து. அதன் குறியீட்டைப் பிடித்து ஒரு படி மேலே ஏறு. அதே வரிசையில் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று வரிவரியாகப் பார். எனக்கு நல்லவை கிடைத்ததெல்லாம் இப்படிப் பக்கத்து வீட்டில்தான். சில தொகுதிகளுக்குத் தலைப்பு வெறும் "டெஸ்பாட்ச்சஸ்" (அரசுக் கடிதங்கள்), அப்புறம் ஒரு தேதி, அவ்வளவே. எந்தச் சொல்லைப் போட்டாலும் அவை வராது, வரிசையோடு ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். பார்த்ததையெல்லாம் குறியீடு, தலைப்பு, வருஷம் என்று நோட்டில் எழுது, ஒன்றும் கிடைக்காத சொற்களையும் சேர்த்து. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் சைபர் தாக்குதல் நடந்து கேட்லாக்கே மாதக்கணக்கில் இல்லாமல் போனது. அப்போது பிழைத்தவர்கள் நோட்டு வைத்திருந்தவர்கள்தான்.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளம் மட்டும் வேறு ஜாதி. அங்கே செய்தியின் உள்ளேயே தேடலாம். ஆனால் படத்திலிருந்து எழுத்தைப் படித்தது இயந்திரம், மங்கலான அச்சை அது தாறுமாறாகப் படித்திருக்கும். எஸ்டேட் பெயரில் பாதியை மட்டும் போட்டுப் பார். தமிழ் முரசும் அதில் இருக்கிறது.

இனி எழுதத் தயங்கிக்கொண்டே வந்த விஷயம். தாத்தாவின் கடைசிக் கடிதம் யுத்தத்துக்கு முன்னால் வந்தது என்றுதான் உங்க வீட்டில் சொல்வார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதே வருஷம் அவர்கள் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலை தொடங்கி, 1943 அக்டோபரில் முடிந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஏராளமாக அங்கே கொண்டுபோனார்கள். கைதிகளாயிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர்ப் பட்டியல், கல்லறை எல்லாம் உண்டு. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை. அங்கே போய்விட்டார் என்றால் அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாமலே போகலாம். கியூவில் டபிள்யூஓ (போர் ஆபீஸ்) 235, டபிள்யூஓ 325 இரண்டும் போர்க்குற்ற வழக்கு, விசாரணை ஃபைல்கள். "ஏஷியாடிக் லேபர்", "கூலி கேம்ப்" என்று தேடலாம். தனியாக உட்கார்ந்து படிக்காதே. சேர்ந்து பார்ப்போம், நான் வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. தகரப் பெட்டியில் அந்தக் கடித உறைகள் இன்னும் இருக்கின்றனவா? கடிதத்தைவிட எனக்கு உறை முக்கியம். தோட்டத்துக்கு நம் ஆட்கள் தமிழில் ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள், துரைமார் ஃபைலில் அந்தப் பெயர் இருக்காது. உறையில் யாராவது ஆங்கிலத்தில் எஸ்டேட் பெயரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். தபால் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். மணியார்டர் துண்டு இருந்தால் அதுவும் வேண்டும். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. முத்திரையைத் துணியால் துடைக்காதே. குடும்பக் குரூப்பில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பு, சித்தப்பாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
வசந்தா