ஜமக்காளத்தைப் பாட வைத்தவர்களுக்கு

நேற்று ஈரோட்டு மேடையில் ஜமக்காளம் பாடிவிட்டது. விரல் பட்டால் சத்தம் வருகிற மாதிரி, நூலோடு செப்புக் கம்பியும் சேர்த்துச் செய்த வாத்தியம் அது. வெள்ளிக்கிழமை மடித்ததில் கம்பி ஒடிந்து ஊமையாகிப் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை விரித்து எழுத மனம் வரவில்லை. சூட்டோடு சூடாக நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், பவானியில் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் அந்த அண்ணனுக்கு. இறக்கிய ஷட்டரை எங்களைப் பார்த்ததும் மறுபடி ஏற்றினார். இது எந்த மோட்டாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. ஊடையில், அதாவது குறுக்கு இழையில், நூலோடு ஓடிய செப்புக் கம்பியை விரலால் நீவிப் பார்த்தார். “ஒத்தக் கம்பிய மடிச்சா ஒடியத்தானுங்க செய்யும். மெல்லிசா ஏழெட்டச் சேத்து முறுக்கிப் போடுங்க, நூலாட்ட வளையும்” என்றார்.

காயில் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். அது எங்களுக்குத் தடையில்லை. விரல் பட்டால் கம்பியின் மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் அளவு) மாறும், அந்த மாற்றத்தைத்தான் மின்னணுச் சில்லு உணர்கிறது. ஆனால் ஈயம் பற்ற வைக்கும் முனையில் மட்டும் பூச்சு போயாக வேண்டும். நெசவாளர் அக்காமார் கோணி ஊசியால் கம்பியைக் கோத்து முடிக்கும்வரை அண்ணன் காத்திருந்து, 12 கம்பிக் கோடுகளின் முனைகளையும் பிளேடால் சுரண்டி, பற்றவைத்து, ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்துக் கொடுத்தார். காசு நீட்டியபோது, “சத்தம் வந்தாச் சொல்லியுடுங்க, போதும்” என்று சொல்லிவிட்டார்.

அண்ணா, வந்துருச்சுங்க.

அக்காமாருக்கும், வேன் ஓட்டிய தம்பிக்கும், மைக் செட்காரருக்கும், கடைசிவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த சனங்களுக்கும் நன்றி. அப்புறம், கொங்கு நாட்டுத் தோல் கருவியான துடும்பு அடிக்கும் குழுவினர். “கை முந்துது, சத்தம் பிந்துது” என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பியூர் டேட்டா என்கிற ஒலி மென்பொருளில், சத்தம் வெளியே போகுமுன் சேர்ந்து நிற்கும் ஒலி இடையகத்தை 512 மாதிரிகளிலிருந்து 64-க்குக் குறைத்தோம். தாமதம் 10 மில்லி நொடியைத் தாண்டக் கூடாது என்று கணினி இசை ஆய்வாளர்கள் வெசலும் ரைட்டும் 2002-லேயே எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்காமலே தாளக்காரர் காது சொல்லிவிடுகிறது.

வடிவமைத்தவர், நிரல் எழுதியவர், வாசித்தவர் என்றுதான் நோட்டீசில் பெயர் போடுவது வழக்கம். இனி நாங்கள் செய்யும் வாத்தியத்தில் கம்பி கட்டியவர் பெயரும் ஓரத்தில் தைத்திருக்கும். மின்சுற்றுப் படத்தையும் நிரலையும் கேட்பவருக்கெல்லாம் கொடுப்போம். அடுத்ததைத் துடும்புக்காரர்களோடு முதல் நாளிலிருந்தே உட்கார்ந்து செய்யப் போகிறோம். நடந்துகொண்டே அடிக்க, தோளில் மாட்டுகிற மாதிரி வேண்டுமாம் அவர்களுக்கு.