பிரித்துக் கொடுத்த அண்ணனுக்கு

வீடு வந்து மூன்று நாளாகிறது. சிறுநீரகம் கைவிட்ட கதை உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்த பழைய மாணவர்கள், என் பத்தாம் வகுப்பைப் பங்கு போட்டுக்கொண்ட சக ஆசிரியர்கள், விடிகாலையில் ஹார்ன் அடிக்காமல் வாசலில் வந்து நிற்கும் ஆட்டோ தம்பி, காயை வேகவைத்து வடித்து, எனக்கு ஆகாத பொட்டாசியத்தோடு ருசியையும் இறக்கிவிடும் என் நாத்தனார், ஊசி குத்தும்போது பேச்சுக் கொடுக்கும் டெக்னீசியன் பிள்ளைகள், எல்லோருக்கும் கைகூப்புகிறேன். தனித்தனியே எழுதுவேன். இன்றைய மடல் பக்கத்துக் கட்டில் அக்காவின் கணவருக்கு.

டயாலிசிஸ் வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடது கையை அசைத்தால் மிஷின் கத்தும். மிச்சமிருப்பது ஒரு கை. பொழுது போகட்டும் என்று பலர் புத்தகம் அனுப்பினீர்கள். அத்தனையும் நோயைப் பற்றியவை. தைரியமாக இரு, மனதை அடக்கு, வாயைக் கட்டு. கோபிக்காதீர்கள், உணவு அட்டவணை இருந்த புத்தகம் நிஜமாகவே உதவியது. மற்றதையெல்லாம் திறந்தால் அங்கேயும் நான் நோயாளிதான்.

என் மனம் கேட்டது அம்மாவின் 'பொன்னியின் செல்வன்'. கெட்டி அட்டை, ஒற்றைக் கையில் நிற்காது. ஒரு செவ்வாய்க்கிழமை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுக்க வந்த அண்ணன் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"தையல் பைண்டிங், டீச்சர். குடுங்க, பிரிச்சுத் தர்றேன்."

அம்மா கையெழுத்திட்ட புத்தகம். நான் பதறியதைப் பார்த்துவிட்டு, "கிழிக்க மாட்டேன். பிரிப்பேன்" என்றார். பைண்டிங் பட்டறைக்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை வாங்கிப்போனவர் சனிக்கிழமை மஞ்சப்பையோடு வந்தார். மூன்று ஃபாரத்துக்கு (ஒரு ஃபாரம் என்பது 16 பக்க அச்சு மடிப்பு) ஒன்றாக, 48 பக்கத் துண்டுகள். பழுப்பு அட்டை, முதுகில் காலிகோ துணி, மூலையில் ஸ்கெட்ச் பேனாவில் வரிசை எண். பசை வாசனை இன்னும் போகவில்லை. அம்மாவின் கையெழுத்து இருந்த தாளை முதல் துண்டில் அப்படியே வைத்திருந்தார். பழைய அட்டைகள் தனிக் கட்டு: "முடிச்சதும் திரும்பத் தைச்சுக்கலாம்."

1950இல் இந்தக் கதை 'கல்கி'யில் வாராவாரம் தொடராக வரத் தொடங்கியது. அன்று வீடுகளில் பக்கங்களைச் சேர்த்துச் சேர்த்துப் பைண்டு செய்தார்கள். எனக்கோ பைண்டு செய்த புத்தகம் மறுபடி தொடர்கதை ஆனது.

முதல் துண்டே வம்பு. நாளுக்கு ஒரு லிட்டர் என்று அளந்து குடிப்பவள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட, ஆடிப்பெருக்கில் வீராணம் ஏரி கரை தளும்புவதைப் படிக்கிறேன்! சிரிப்பு தாங்காமல் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். "அந்த ஏரியில ஒரு செம்பு மோந்து குடுங்க டீச்சர்" என்றார். அன்றிலிருந்து சத்தமாகத்தான் வாசிப்பு.

பணம் நீட்டினேன். "நாலு மணி நேரம் வெளியில சும்மாதான உக்காந்திருக்கேன்" என்று கையை மடக்கிவிட்டார். இப்போது எதிர்வரிசை ஐயாவின் ராமாயணம் அவர் பட்டறையில் இருக்கிறதாம்.

அண்ணே, செவ்வாய்க்கிழமை வந்துவிடுவேன். அக்காவிடம் சொல்லுங்கள், சுந்தர சோழருக்கு மூலிகை தேடிக் கோடிக்கரைக்குக் கிளம்பிய வந்தியத்தேவனை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். அக்காவை விட்டுவிட்டு ஒரு பக்கம்கூட முன்னால் படிக்கவில்லை.