பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு சார்ட் பேப்பர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புப் பிள்ளைகள் படிக்கும் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். 2012இல் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தமிழக அரசு எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. சம்பளக் குறையைச் சொல்ல இதை எழுதவில்லை. பெற்றோரும் பிள்ளையும் ஒரே தாளில் சேர்ந்து வரையும்போது என்ன நடக்கிறது என்று ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் கண்ணால் பார்த்துவருவதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் பெற்றோர் கூட்டம் என்றாலே அம்மாக்களின் முகம் சுருங்கிவிடும். கூட்டம் வேலைநாளில்தான் நடக்கும். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருவார்கள். "உங்க பையன் படிக்கிறதே இல்ல, சேர்க்கை சரியில்ல" என்று ஆசிரியர்கள் சொல்லும் புகாரைக் கேட்டுக்கொள்வார்கள். பள்ளிப் படிக்கட்டிலேயே பையனுக்கு முதுகில் ஒன்று விழும். இது பல வருடம் என் கண்முன் நடந்தது. நானும் புகார் சொன்ன ஆசிரியைதான்.

இந்தக் குடும்பங்கள் எங்கிருந்து வந்தவை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கூவம் கரையிலும் நகரத்தின் நடுப்பகுதிகளிலும் இருந்தவர்களைக் கொண்டுவந்து எட்டு மாடிக் கட்டடங்களில் வைத்தோம். வீடு இங்கே வந்தது, வேலை அங்கேயே நின்றுவிட்டது. மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் வீட்டு வேலை செய்யும் அம்மா காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறினால் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறார். பிள்ளை விழித்திருக்கும்போது அம்மா வீட்டில் இருப்பது ஒன்றரை மணி நேரம். அதற்குள் தண்ணீர் பிடிக்க வேண்டும், சோறு வடிக்க வேண்டும், வீட்டுப்பாடம் பார்க்க வேண்டும். பேச்செல்லாம் ஏவலும் அதட்டலுமாகத்தான் இருக்கும். பாசம் இல்லாமல் இல்லை. அதைக் காட்ட நேரம்தான் இல்லை.

முறையாகப் படித்த ஒரு கலைச் சிகிச்சையாளர், அதாவது படம் வரைவது போன்ற கலைகள் வழியே மனப் பாரத்தை வெளிப்படுத்த உதவுபவர், எங்கள் பகுதிக்கு வந்தபோது, அவரிடம் சில பயிற்சிகளைக் கற்றுக்கொண்டேன். இப்போது ஞாயிறுதோறும் ஒரு பிளாக்கின் கீழ்த்தள அறையில் எட்டு அல்லது ஒன்பது குடும்பங்கள் உட்காருகின்றன. ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், இருவருக்கும் நடுவே ஒரே சார்ட் பேப்பர். ஆளுக்கு ஒரு நிறக் க்ரேயான், மாற்றிக்கொள்ளக் கூடாது. எந்தக் கோடு யாருடையது என்று கடைசிவரை தெரிய வேண்டும் என்பதற்காக இந்த விதி. முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிள்ளை போட்ட கோட்டைப் பெரியவர் திருத்தவே கூடாது. அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் அப்பா பெயின்டர், உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கியபடி அடிப்பவர். குடி உண்டு. மகன் அவரோடு பேசுவதில்லை என்று அம்மா சொல்லியிருந்தார். மூன்றாவது ஞாயிறு அவரே வந்தார். மகனுக்குப் பச்சை, அவருக்குச் செங்கல் நிறம். ஓரத்தில் ஒரு நேர்கோடு போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அளவுகோல் இல்லாமல் அப்படி ஒரு நேர்கோட்டை என்னாலும் போட முடியாது. இருபது வருடம் பார்டர் அடித்த கை. பையன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அதைச் சுவராக்கி மேலே ஒரு கூரை போட்டான். அவர் கீழே ஒரு படி போட்டார். பத்து நிமிடம் முடிவதற்குள் அது கூவம் கரையிலிருந்த பழைய வீடு என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

"பம்பு அந்தப் பக்கம்டா, பிள்ளையார் கோயிலுக்கு எதிரே" என்றார். அதுதான் முதல் பேச்சு. பையன் பம்பைப் போட்டுவிட்டுக் கூரைமேல் ஒரு பெட்டி வரைந்தான். புறாக்கூண்டு. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "குடிக்கிறதுக்குத்தானே வித்த?" என்று தலையைத் தூக்காமலே கேட்டான். அவர் சொன்னார்: "விக்கலடா. இங்க கொண்டாந்தேன். நீ தூங்கிட்டிருந்த. தொறந்து விட்டதும் பழைய எடத்துக்கே பறந்துடுச்சுங்க. ரெண்டு தடவ போய்ப் பாத்தேன், ஒண்ணும் கெடைக்கல." வீடு இடிபட்டபோது பையனுக்கு ஆறு வயது. அத்தனை வருடமும் அவன் ஒன்றை நினைத்திருக்கிறான், அப்பா அவனிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். மீதி நேரம் முழுவதும் அவர் செங்கல் நிறத்தில் புறாக்கள் போட்டார். எல்லாமே கொஞ்சம் வாத்து மாதிரி இருந்தன. பையன் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

அவர் குடியை விட்டுவிட்டார் என்று எழுத மாட்டேன், விடவில்லை. ஆனால் சனிக்கிழமை இரவு குடிக்காமல் இருக்கிறார், ஞாயிறு காலை குளித்துவிட்டு மகனோடு வருகிறார். பையன் வகுப்பில் இப்போது கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறான். எனக்குத் தெரிந்தது இவ்வளவு.

"எனக்கு வரையத் தெரியாதுங்க டீச்சர்" என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். புள்ளி வைக்கச் சொன்னால் கை தானாக ஓடும். மகள் இழுக்கும் கோடு எந்தப் பக்கம் போகிறதோ அதற்கேற்பக் கோலத்தை வளைத்துக்கொண்டு போன ஓர் அம்மாவைப் பார்த்தபோது, விளக்கமே தேவைப்படவில்லை.

இது நான் கண்டுபிடித்ததல்ல. காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்த ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில் 1942இல் 'கலைச் சிகிச்சை' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். லண்டனில் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட், தான் ஒரு கிறுக்கல் போட்டு அதைக் குழந்தை ஏதாவது உருவமாக்க, பிறகு குழந்தை கிறுக்கியதைத் தான் உருவமாக்கி, அப்படியே பேச்சுக்குள் நுழைவார். தமிழ் மண்ணிலும் இதற்கு முன்னோடி உண்டு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1996இல், மட்டக்களப்பில் இயேசுசபைத் தந்தை பால் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் பால் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து, மாதக்கணக்கில் களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் ஒன்றாகக் கை நனைத்தார்கள். குண்டு விழுந்த ஊரில் முடிந்தது நம் ஊரில் முடியாதா?

சில விஷயங்களில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கறுப்பு அடித்தால் சோகம், சிவப்பு அடித்தால் கோபம் என்று குழந்தையின் படத்துக்குப் பலன் சொல்பவர்களை நம்பாதீர்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி வானத்தைக் கறுப்பாக அடித்தாள். கேட்டதற்கு, மற்ற க்ரேயான்கள் எல்லாம் உடைந்திருந்தன என்றாள். படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் வரைந்தவர்தான். அந்தப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் தவறு. தொடக்கத்தில் 'சிறந்த படம்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன். அடுத்த வாரம் மூன்று அம்மாக்கள் வரவில்லை. அது என் தவறு. அன்றோடு பரிசை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று, நான் சிகிச்சையாளர் அல்ல. பிரிட்டனில் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முதுகலைப் படிப்பும் அரசுப் பதிவும் வேண்டும். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு வந்த துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் கலை, நடனச் சிகிச்சையாளர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இடம் காகிதத்தோடு நிற்காமல், எங்களைப் போன்றவர்களை மேற்பார்க்க அவர்கள் நேரில் வர வேண்டும். படம் வரையும்போது குழந்தை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது நம் கடமை, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. ஆனால் அந்த நிமிடம் அந்தக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

எங்களுடையதைப் போன்ற இன்னொரு மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகர்ச் சுவர்களில் 2020இல் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. எனக்கு அவை பிடிக்கும், பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். வெளிச்சுவருக்குக் கிடைத்த வண்ணத்தில் கொஞ்சம் வீட்டுக்குள் இருக்கும் அப்பா, அம்மா கைக்கும் வரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

பள்ளிக் கல்வித் துறை மறுகுடியமர்வுப் பகுதிப் பள்ளிகளில் மட்டுமாவது மாதம் ஒரு பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கட்டும். புகாருக்கு முன் அரை மணி நேரம் பெற்றோரும் பிள்ளையும் ஒரே தாளில் வரையட்டும். ஏற்கெனவே பள்ளியில் இருக்கும் ஓவிய ஆசிரியர்களுக்கு அந்த நேரத்துக்கான ஊதியம் கொடுத்து, பயிற்சியும் கொடுங்கள். மாவட்டத்துக்கு ஒரு கலைச் சிகிச்சையாளரையாவது நியமியுங்கள். சார்ட்டும் க்ரேயானும் பெரிய செலவே இல்லை, இதுவரை என் கைக்காசிலும் இரண்டு தோழிகளின் உதவியிலும்தான் ஓடுகிறது.

பார்க்க விரும்பும் அதிகாரிகள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு வரலாம். கேமரா வேண்டாம். வந்தால் அவர்களும் தரையில் உட்கார்ந்து வரைய வேண்டியிருக்கும்.

குழந்தைகளை அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பகுதிநேர ஓவிய ஆசிரியை ஒருவர்,
பெரும்பாக்கம், சென்னை.