டயரை ரிம்ல இருந்து கழட்டினாங்களா, இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் டயர் பஞ்சரை நாமளே ஒட்டிக்கலாம்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரையை படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா முக்கியமான ஒரு விஷயம் அதுல விட்டுப்போச்சு. வீட்டுல ஒட்டறதா கடைக்கு போறதான்னு ரெண்டா பிரிச்சு பேசறோம். எனக்கு என்னமோ அந்த கேள்வியே தப்புன்னு படுது. டயரை ரிம்ல இருந்து கழட்டி உள்பக்கம் பாத்தாங்களா இல்லையாங்கறதுதான் கேக்க வேண்டியது.

ஸ்ட்ரிப் (ஓட்டையில சொருகி அடைக்கற ரப்பர் துண்டு) வைக்கறது பெரிய வித்தை இல்லைங்க, நானே நாலஞ்சு தடவை வச்சிருக்கேன். ஆணியை குறடால பிடுங்கிட்டு (எந்த சாய்வுல குத்தியிருக்குன்னு பாத்து வச்சுக்கணும், ஓட்டையை உள்ள சுரண்டற ரீமர் கம்பியும் அதே சாய்வுலதான் போகணும், இல்லன்னா புதுசா ஒரு ஓட்டை நாமளே போட்டுருவோம்), ரீமரை முன்னும் பின்னும் ஓட்டி சொரசொரப்பாக்கி, ஊசியில கோத்த ஸ்ட்ரிப்புக்கு சொல்யூஷன் தடவி முக்கால்வாசி உள்ள தள்ளிட்டு ஊசியை வெடுக்குனு இழுத்தா ஸ்ட்ரிப் அங்கயே மாட்டிக்கும், நீட்டிட்டு இருக்கறதை வெட்டிட்டு காத்து அடிச்சு சோப்பு தண்ணி ஊத்தினா நுரை வருதா இல்லையான்னு தெரிஞ்சுடும். முன் சக்கரத்துல ஆணி கண்ணுக்கு தெரியற இடத்துல இருந்தா ஸ்டியரிங்கை ஒடிச்சு வச்சாலே போதும், ஜாக்கிகூட வேண்டாம். முதல் தடவை ரீமரை உள்ள விடறதுக்குத்தான் தோள்பட்டை கழண்டு போகும், டயர்ல கம்பி வலை இருக்குல்ல.

அப்படி ஒட்டி ஒரு தடவை நான் மாட்டினேன். பின் சக்கரம் காத்து இறங்கினதே தெரியாம ராத்திரி கொஞ்ச தூரம் ஓட்டிட்டேன், வண்டி ஒரு பக்கம் அலையுதுன்னு இறங்கி பாத்தா ரிம் தரையை தொடற மாதிரி இருக்கு. ஸ்ட்ரிப் வச்சேன், நுரையே வரல, காத்தும் நின்னுச்சு, எனக்கு ஒரே பெருமை. நாலு நாள் கழிச்சு வேற வேலையா கடைக்கு போனப்போ டயரை கழட்டினாங்க, உள்ள இருந்து ஒரு கைப்பிடி கருப்பு தூள் கொட்டுச்சு. என்னன்னு கேட்டா, காத்தில்லாம ஓட்டினதுல டயரோட பக்கவாட்டு, அதான் சைடுவால், மடங்கி மடங்கி உள்பக்க ரப்பர் அரைஞ்சு வந்த தூளாம். வெளில இருந்து பாத்தா டயர் புதுசு மாதிரி இருந்துச்சு. அதுல நாலு நாள் ஃபேமிலியோட ஹைவேஸ்ல போயிட்டு வந்திருக்கேன்!

அதுக்காக கடைக்கு போனா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல வரல. நிறைய கடையில அவங்களும் வண்டியில இருந்தபடியே அதே ஸ்ட்ரிப்பைத்தான் குத்தி விடறாங்க, அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும், நாமளும் சந்தோஷமா வந்துடறோம். அதுக்கு நாமளே பண்ணிக்கலாமே. முறையான வேலைன்னா டயரை கழட்டி, உள்பக்கம் அடி வாங்கியிருக்கான்னு பாத்து, காளான் மாதிரி இருக்கற பேட்சை உள்ள இருந்து வைக்கறது. அதோட தண்டு ஓட்டையை அடைக்கும், தொப்பி உள்ள ஒட்டி காத்தை பிடிக்கும். ஓட்டை சரியா அடையலன்னா மழைத்தண்ணி இறங்கி உள்ள இருக்கற ஸ்டீல் பெல்ட், மேல சொன்ன அந்த கம்பி வலை, துரு பிடிக்கும், அது மெதுவா நடக்கறதால நமக்கு தெரியவே தெரியாது.

அதையும் எல்லா ஓட்டைக்கும் பண்ண முடியாது. ரோட்டுல படற பட்டையில, 6 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா சரி. சைடுவால்ல குத்தினா யார் ஒட்டித்தரேன்னு சொன்னாலும் வேண்டாம்னுடுங்க, அங்க ஸ்டீல் பெல்ட் கிடையாது, ஒவ்வொரு சுத்துக்கும் அந்த இடம் மடங்கி நிமிருது, ஒட்டு எப்படி நிக்கும்?

இன்னொண்ணு, ஆணி குத்தியிருக்கறதை பாத்ததும் கை பரபரன்னு பிடுங்க போகும். காத்து மெதுவாத்தான் இறங்குதுன்னா அந்த ஆணியே ஒரு மூடி மாதிரிங்க, அப்படியே விட்டு காத்தை நிரப்பிட்டு மெதுவா பக்கத்து கடைக்கு போயிடலாம். டிக்கியில 12 வோல்ட் பம்பு ஒண்ணு கிடந்தா ஸ்ட்ரிப் பாக்கெட்டை விட அதுதான் நிறைய தடவை காப்பாத்தும், என் அனுபவம் அது. வால்வு வழியா உள்ள அடிச்சு ஓட்டையை அடைக்கற நுரை ஸ்ப்ரே பத்தி கேக்காதீங்க, அதை அடிச்ச டயரை கழட்டி பேட்ச் வைக்கறவர் முகத்தை ஒரு தடவை பாத்தா போதும்.

ஸ்டெப்னி மாத்தறதா இருந்தா கை பிரேக் போட்டு, சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டுகளை கொஞ்சம் தளர்த்திட்டு அப்புறம் ஜாக்கி ஏத்துங்க. சின்ன ஸ்டெப்னின்னா அதுமேலயே 80 கிலோமீட்டர் வேகம்னு போட்டிருக்கும், அதை தாண்டாதீங்க. அந்த ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு கடைசியா எப்போ பாத்தீங்க? நான் இந்த லெட்டர் எழுத ஆரம்பிச்சதும் போய் பாத்தேன், பாதிதான் இருந்துச்சு.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்