புகையை அன்றைக்கே, தமிழில் சொல்லுங்கள்

எங்கள் பஞ்சாயத்தின் தலைவர், செயலாளர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வணக்கம்.

தை மாதத்தில் நெகிழிச் சேகரிப்புக் கொட்டகை தீப்பிடித்ததையும், தீ அணைந்த பின்னும் ஒரு வாரம் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்ததையும் தாங்கள் அறிவீர்கள். நான் எழுத வந்தது, நான்காம் நாள் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்ட ஒற்றைத் தாளைப் பற்றி. கதவு, ஜன்னல்களைச் சாத்துங்கள், என்95 முகக்கவசம் அணியுங்கள், முதியோரும் குழந்தைகளும் வெளியே வரவேண்டாம் என்று அதில் இருந்தவை அனைத்தும் சரியான அறிவுரைகளே. ஆனால் அவை மலையாளத்தில் மட்டுமே இருந்தன. அதுவும் நான்காம் நாள்.

என் தாயாருக்கு வயது 71. நெடுநாளாக மூச்சிழுப்பு உண்டு. தை மாத விடியலில் தரையோடு தேங்கும் குளிர்காற்று புகையை மேலே எழவிடாமல் அமுக்கி வைப்பதால், பார்வைக்கு அது பனி போலவே இருக்கும். அப்படித்தான் அவரும் நினைத்தார். மூன்று நாளும் வழக்கம்போல இருட்டோடு எழுந்து வாசல் கூட்டிக் கோலம் போட்டுவிட்டு, "இந்த வருசம் பனி நாறுது, கண்ணு" என்றார். நான்காம் இரவு படுக்க முடியாமல், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே விடியும் வரை மூச்சுக்குப் போராடினார். மறுநாள் மருத்துவமனையில் நெபுலைசர் வைத்த மருத்துவர், முதல் நாளே வீட்டுக்குள் இருந்திருக்கலாமே என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாளைப் படித்துச் சொன்னது மலையாளம் படிக்கும் என் மகள்தான். அவளும் பள்ளியிலிருந்து திரும்பிய மாலையில்தான் சொன்னாள்.

ஜன்னலைச் சாத்தச் சொன்னீர்கள், சாத்தினோம். எங்களுடையது ஓட்டு வீடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் வெளிச்சம் வருகிற வழியெல்லாம் புகையும் வந்தது. முகக்கவசம் கடையில் இல்லாததால் ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டோம், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகளை, அதாவது தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ 30இல் ஒரு பங்கே உள்ளதை, ஈரத்துண்டு தடுக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. நெகிழிப் புகையில் டையாக்சின் போன்ற நச்சுகளும் கலந்திருக்கும். இத்தகைய துகள் 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டின் வரம்பு. எங்கள் ஊரில் அளக்கும் கருவியே இல்லையாதலால் நாங்கள் இதுவரை ஒருமுறையும் வரம்பைத் தாண்டியதில்லை!

செய்ய வேண்டியதை அறியாத அரசு அல்ல இது. 2023 மார்ச் 2ஆம் தேதி கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ அடங்கப் பன்னிரண்டு நாள்போல ஆயிற்று. அப்போது கொச்சியில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், வெளியே போகிறவர்களை என்95 அணியச் சொன்னார்கள். எங்களுடையது சிறிய புகை, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் நுரையீரல் சிறியதல்லவே.

தமிழில் சொல்ல ஆளில்லை என்றும் தாங்கள் கூற முடியாது. தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் சந்துகளில் நாளுக்கு நான்கு முறை, பிழையில்லாத தமிழில், எங்களை அம்மா என்றும் ஐயா என்றும் அழைத்துக்கொண்டு வருகிறது. அந்த ஆட்டோவைப் புகை வரும் நாளிலும் ஒரு சுற்று அனுப்பினால் போதும் என்கிறேன். இன்னொன்று: மாதம் 50 ரூபாய் கொடுத்து, பால் உறையைக்கூடக் கழுவிக் காயவைத்து நாங்கள் ஒப்படைத்த நெகிழியைத்தான் அந்த ஒரு வாரமும் சுவாசித்தோம். வீடு வீடாக வந்து வாங்கிச் செல்லும் ஹரித கர்ம சேனைச் சகோதரிகள் மேல் எனக்குக் குறையில்லை. அவர்களும் துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு அதே புகையில்தான் நின்றார்கள்.

கோபத்தில் சொல் மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டும். நான் வேண்டுவது இதுதான்: புகை எழுந்தால் அன்றைக்கே, தமிழில், எழுத்தறியாதவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். கிழக்கே பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் எரிந்தாலும், நம் எல்லைக்குள் எரிந்தாலும், எது யாருடைய புகை என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆஷா ஊழியர்களிடம் இழுப்பு நோயாளிகளின் பட்டியலும் கொஞ்சம் என்95 முகக்கவசங்களும் இருக்கட்டும். சமுதாயக் கூடத்தில் காங்கிரீட் கூரையுள்ள ஓர் அறையில் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை வைத்தால், ஓட்டு வீட்டு முதியவர்கள் இரவு படுக்கவாவது ஓர் இடம் கிடைக்கும்.

அடுத்த மார்கழிக்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மொழிச் சிறுபான்மையினரான எங்களுக்கு 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தந்திருக்கும் உரிமையின்படி, இம்மடலுக்கான பதிலைத் தமிழிலேயே அனுப்பி உதவுங்கள். பலகையில் ஒட்டவேண்டாம், வீட்டுக்கே அனுப்புங்கள். என் தாயாரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் பஞ்சாயத்தின் குடிமகன்