பச்சைப் புத்தகம்

கண்ணு,

சாப்பிட்டாயா? ராசிபுரம் சித்தி வீட்டுப் பத்திரிகை வந்தது, உனக்கு லீவு கிடைக்காவிட்டால் நானே போய் மொய் வைத்துவிட்டு வருகிறேன். அது கிடக்கட்டும்.

பொங்கலுக்கு வந்தபோது பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய், பாத்திரம் கருகிய வாடை வந்த பிறகுதான் நான் ஓடினேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. போன ஞாயிறு போனில், ஆபீஸில் இடம் மாற்றின கதையை ஒரே பேச்சில் இரண்டு தரம் சொன்னாய், நானும் புதுசாகக் கேட்கிற மாதிரியே ம் கொட்டினேன். அன்றைக்கு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை.

எச்ஐவி மாத்திரை வாங்குகிற சென்டரில் கவுன்சிலரிடம் வேறு யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன். இந்தக் கிருமி உடம்பில் நுழைந்த சில வாரங்களிலேயே மூளைக்கும் போய்விடுமாம். மாத்திரையை விடாமல் போட்டால் அங்கேயும் அடங்கும், ஆனால் முன்னாடி எப்போதாவது சிடி4, அதுதான் ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பு அணுக்களின் கணக்கு, ரொம்பக் கீழே போயிருந்தால், அப்போது பட்ட அடி சிலருக்குப் பிற்பாடு மறதியாகத் தெரியலாமாம். மறதி என்றாலே அதுதான் என்றும் இல்லை கண்ணு, பி12 குறைந்தாலும், தைராய்டு இருந்தாலும், மனசு சரியில்லாவிட்டாலும், தூக்கம் கெட்டாலும் இப்படி வரும், டெஸ்ட் எடுத்தால் பாதி தெரிந்துவிடும். நீ டிஎல்டி மாத்திரையை ராத்திரி போடுகிறாய், அதிலிருக்கிற டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்குமாம், டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொள். எனக்கு எஃபாவிரென்ஸ் மாத்திரை கொடுத்த காலத்தில், உங்கப்பா லாரியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருக்கிற மாதிரி தினமும் கனவு வருமே, ஞாபகம் இருக்கிறதா? நெஞ்செரிச்சலுக்கு நீ குடிக்கிற ரோஸ் மருந்தை டிஎல்டியோடு சேர்க்காதே, மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துக் குடி. பிரஷர், சுகர் பார்த்துக்கொள், சாயங்காலம் நட. மாத்திரையை மட்டும் விடாதே.

பத்தாவதில் கணக்கில் 97 வாங்கின பிள்ளை நீ. இன்றைக்குப் பத்துப் பேருக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறாய் என்று மாமாவிடம் சொல்லாத நாளில்லை. ஆனால் மூன்று தரம் கூப்பிட்டால் ஒரு தரம்தான் எடுக்கிறாய். மாத்திரையை விடாதே.

இதையும் எழுதிவிடுகிறேன், போனில் எனக்கு வாய் வராது. 2006-ல் குழந்தைகளுக்கென்று மாத்திரை வந்ததிலிருந்து நான் வேளை தவறாமல்தான் கொடுத்தேன். 2012-ல் மாமா மகள் கல்யாணத்துக்கு வீடு நிறைய ஆட்கள். யார் கண்ணிலாவது பட்டுவிடுமென்று டப்பாவை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன், 19 நாள் எடுக்கவே இல்லை. அப்புறமும் யாராவது வீட்டில் தங்கினால் விட்டுவிடுவேன், அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். உனக்குச் சிடி4 140-க்கு வந்துவிட்டது. டாக்டர் கேட்டபோது, பிள்ளை மருந்தைத் துப்பிவிடுகிறாள் என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பதினொரு வயசு. அவர் உன்னைத் திட்டினார், நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து, நிஜமாகவே நான் துப்பினேனாம்மா என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

நீ துப்பவே இல்லை கண்ணு.

கோயமுத்தூருக்கு மாற்றிக்கொண்டு போனபோது சென்டரில் உன் மருந்து விவரம் எழுதுகிற பழைய பச்சைப் புத்தகம் இங்கேயே தங்கிவிட்டது. நாளைக்குக் கொரியரில் போடுகிறேன், அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போ. 2012-ம் வருஷப் பக்கத்தில், குழந்தை மருந்து சாப்பிட மறுக்கிறாள் என்று எழுதியிருக்கும். அது அம்மா சொன்ன பொய் என்று டாக்டரிடம் சொல்லு, மறதியையும் சொல்லு. என்னையும் கூட வரச் சொன்னால் முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வருகிறேன்.

அம்மா